நெறஞ்சிருக்குங்க

“நெறஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அந்த அம்மா இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க ஆட்கள். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இந்த வயதுக்குள் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்ற காலத்தில் நாறுது, தள்ளி நில் என்று சொன்னவர்கள் உண்டு. அதெல்லாம் காற்றோடு போயிற்று. இந்தக் கேள்வி போகவில்லை. அந்த அம்மா கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பண்டத்தையும் இல்லை என்று சொல்வதில்லை. அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைந்திருக்கிறது என்போம். உப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படித்தான். இல்லை என்று சொன்னால் அது இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். பல வீடுகளில் உள்ள வழக்கம்தான் இது. எங்கள் வீட்டில் மீனுக்கும் அதே பேச்சு. என் வீட்டுக்காரர் வெறும் படகோடு திரும்பும் நாளில் வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, “இன்னிக்கு நெறஞ்சிருக்கு” என்பார். நான் மறுபேச்சு பேசாமல் ரசத்துக்குப் புளியைக் கரைப்பேன். உண்மையிலேயே மீன் பட்ட நாளில் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கூடையை இறக்கி வைப்பார், அவ்வளவுதான். அவர் காலமான பிறகும் அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. என் மகனுக்கும் அதே வாய்.

மகன் சில வருடங்கள் கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து வெளியூர்களுக்கு லாரி ஓட்டினான். வீட்டில் அவன் தலையைப் பார்ப்பதே அபூர்வம். கல்யாணம் ஆனபிறகு, பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பன் முகம் தெரிய வேண்டும் என்று லாரியை விட்டுவிட்டு அவன் அப்பாவின் படகுக்கே திரும்பினான். திரும்பினவன் வலை போடவில்லை. வெளியூர்க்காரர்களை அரசலாற்று முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய், கையில் தூண்டிலைக் கொடுத்து மீன் பிடிக்க வைப்பது, பிடித்த மீனை நம் வீட்டிலேயே சமைத்துப் போடுவது என்று புதுத் தொழில் ஆரம்பித்தான். வாசலில் ஒரு போர்டும் மாட்டினான். “மீன் பிடிக்கலாம், சமைத்துச் சாப்பிடலாம்” என்று சிவப்பு எழுத்து. வருகிறவர்களிடம் பேசுவது, உட்கார வைப்பது எல்லாம் மருமகள் பார்த்துக்கொண்டாள். நான் அடுப்படியோடு சரி. புது ஆளைப் பார்த்தால் எனக்குப் பேச்சு எழாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மீன் விற்றபோதும் தெரிந்த வாசல்களில் மட்டும்தான் கூடையை இறக்குவேன்.

அன்றைக்கு மருமகள் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

வந்தவர் தஞ்சாவூர்க்காரர். சொந்தமாக வேன்கள் வைத்து, ஆபீஸ் ஆட்களை அங்கே இங்கே சுற்றிக் காட்டுகிற தொழில். கூடவே அவருடைய சம்சாரம், அதாவது அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா, அவர்கள் மகள், புது மாப்பிள்ளை. மகனுக்கு இது பெரிய நாள். “அவருக்குப் புடிச்சுப் போச்சுன்னா வாராவாரம் ஒரு வேன் நம்ம வாசல்ல வந்து நிக்கும்மா. நான் லாரிப் பக்கமே திரும்பிப் பாக்க வேண்டாம்” என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். அதனால்தான் அவன் வாய் அன்று அவ்வளவு நீண்டது என்று நினைக்கிறேன்.

“கடலுக்குள்ள போயிட்டா போதும் சார், கொடுவா நம்மளத் தேடி வரும்” என்றான்.

“கேட்டீங்களா மாப்பிள்ளை? இன்னிக்கு உங்க கையால புடிச்ச மீன்தான் சாப்பாடு” என்றார் அவர். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டார். ஒல்லியான, அதிகம் பேசாத பிள்ளை.

நான் மகனை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். “ஏய்யா, வராத மீனுக்கு இப்பவே பேரு வைக்கிறியே?”

“தொழில்னா இப்படித்தான் பேசணும்மா. கெடைக்கும், கெடைக்காதுன்னு இழுத்தா யாரு ஏறுவா? நீ மசாலாவ அரச்சு வையி. வந்ததும் கொதிக்க விட்டா ஆச்சு.”

படகு கரைக்கு வருமுன் குழம்புக்கு மசாலா அரைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மிளகாய் எடுப்போம். அன்றைக்கு அரைத்தேன். மிக்சி ஓடும்போதே மனசு ஒப்பவில்லை.

அந்த அம்மாவுக்குப் படகு என்றால் குமட்டல். அதனால் மற்றவர்கள் போக, என்னோடு வீட்டில் இருந்துகொண்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கேட்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷி. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவர் பத்து வார்த்தை பேசினார்.

“எங்க வீட்டுக்காரரு கொஞ்ச நாளா சரியாவே தூங்கலம்மா. மாப்பிள்ளை வீடு பெரிய எடம். கல்யாணத்துல சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. அத அவங்க பக்கம் இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. இன்னிக்காவது மாப்பிள்ளை வாயாரச் சாப்பிட்டுட்டாருன்னா எங்களுக்கு ஒரு நிம்மதி.”

“சாப்பிடட்டுங்க” என்றேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உலைத் தண்ணீர் வைக்கும் நேரத்தில் மகன் போன் செய்தான். பின்னால் மோட்டார் சத்தம்.

“அம்மா, இங்க நெறஞ்சிருக்கு. இன்னும் ஒரு எடம் பாத்துட்டு வந்துடுறோம். நீ அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்க.”

போனைக் கீழே வைப்பதற்குள் அந்த அம்மா, “என்னம்மா சொல்றாரு தம்பி?” என்று கேட்டார்.

மீன் படவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். நாக்கு புரண்டு கொடுக்கவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லாத சொல் அது, அதுவும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம். தரையைப் பார்த்துக்கொண்டே, “நெறஞ்சிருக்குங்க” என்றேன்.

“நெறஞ்சிருக்கா! அதுக்குள்ளயா?”

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த அம்மா கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். தன் தங்கைக்குப் போன் போட்டார். தங்கை இங்கேதான், தருமபுரத்தில் இருக்கிறாளாம்.

“ஏண்டி, அடுப்புல என்ன இருக்கு? எறக்கி வையி. இங்க படகு நெறய மீனாம். அவரையும் கூட்டிக்கிட்டு ஒடனே வா. பெரிய பாத்திரமா ஒண்ணு எடுத்துக்க, வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.”

“அது வந்துங்கம்மா…” என்றேன்.

“இருங்கம்மா, ஒரு நிமிஷம்… ஆமாண்டி, கொடுவாதான்!”

கொடுவா என்று நான் சொல்லவே இல்லை.

போனை வைத்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. “சாமி கண்ணத் தொறந்துட்டாரும்மா” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்னும் ஓரிடம் பாக்கி இருக்கிறதே, அங்கே ஒன்றிரண்டாவது மாட்டாதா என்று நினைத்துக்கொண்டேன். மாட்டிவிட்டால் நான் சொன்ன பொய் பொய்யாகாது. தங்கையும் அவள் புருஷனும் வருகிறார்களே என்று உலையில் இன்னும் அரிசி போட்டேன். பிறகு பரணிலிருந்து வாளைக் கருவாட்டு டப்பாவை இறக்கி, கத்தரிக்காயை நறுக்கினேன். அந்த அம்மா, “கருவாடு எதுக்கும்மா?” என்று கேட்டார். “எனக்குங்க” என்றேன். அது இரண்டாவது பொய்.

தங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான். அவள் புருஷன் வரும்போதே, “எங்க அந்தக் கொடுவா? நான் பாக்கணும்” என்றார். குண்டானை வாசல் ஓரத்தில் வைத்தார்கள். அது அங்கே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே நான் உள்ளும் புறமும் நடந்தேன்.

படகில் போனவர்கள் வந்தார்கள். முன்னால் மகள், முகம் வெயிலில் கன்றிப்போய். பின்னால் மாப்பிள்ளை. அவருக்கும் பின்னால் அந்தத் தஞ்சாவூர் ஐயா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைசியாக என் மகன், தூண்டில்களும் ஐஸ் பெட்டியுமாக. பெட்டியை அவன் ஒற்றைக் கையில் தூக்கி வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தங்கை புருஷன் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் மட்டும்தான்.

“என்ன சகலை, மீனு பூராவும் ஐஸாப் போச்சா?”

அந்த ஐயா என் மகனைத்தான் பார்த்தார். “நல்லாத் தேடி வந்துச்சுப்பா உங்க கொடுவா.”

“தண்ணி இன்னிக்குக் கலங்கலா இருக்கு சார். நீரோட்டம் வேற மாறிப்போச்சு…”

“அதெல்லாம் விடு. போர்டுல என்ன எழுதியிருக்கீங்க? மீன் பிடிக்கலாம், சமைத்துச் சாப்பிடலாம். அத நம்பித்தான மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தேன்.”

“பிடிக்கலாம்னுதான் சார் எழுதியிருக்கு. பிடிச்சுடுவீங்கன்னு எழுதலயே.”

சொன்ன உடனே அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பசியும் வெயிலும் அவனைப் பேசவைத்துவிட்டன.

“அப்ப சாப்பிடலாம்னு எழுதினதும் அந்த மாதிரிதானா?” என்றார் தங்கை புருஷன். அவர் மட்டும் சிரித்தார். அந்த ஐயாவுக்கு முகம் கறுத்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் இல்லையா?

அப்போதுதான் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நெறஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மகன் என்னைப் பார்த்தான், வாசலில் இருந்த குண்டானைப் பார்த்தான். என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். “எங்க வீட்டுல மீன் படலன்னா அப்படித்தாங்க சொல்லுவோம். இல்லன்னு வாயால சொல்றதில்ல. நான்தான் போன்ல அப்படிச் சொன்னேன். அம்மா அதயே சொல்லிட்டாங்க.”

“மீன் இல்லன்னா நெறஞ்சிருக்குன்னு சொல்லுவீங்க. சரி. நெறஞ்சிருந்தா என்னப்பா சொல்லுவீங்க?” என்றார் அந்த ஐயா.

“ஒண்ணும் சொல்ல மாட்டோம் சார்.”

அந்த அம்மா என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னார். “அரிசிப் பானைக்கு நானும் அப்படித்தாம்மா சொல்லுவேன். மீனுக்கும் அப்படின்னு எனக்குத் தெரியாது, அது என் தப்பு. ஆனா நான் தங்கச்சியக் கூப்பிடுறப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க? என் கையப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

இதற்கு எங்கள் வழக்கம் பதில் சொல்லாது. நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மகன் கடைத்தெருவுக்கு ஓடி மீன் வாங்கிவருகிறேன் என்றான். “வாங்குற மீனு எங்க ஊருலயே கெடைக்குது” என்று அந்த ஐயா சொல்லிவிட்டார். ஓட்டலுக்குப் போகலாம் என்று எழுந்தார். மாப்பிள்ளைதான், “மாமா, பசிக்குது. இங்கயே சாப்பிட்டுடலாம்” என்றார்.

நான் இலை போட்டேன். மீனுக்கென்று அரைத்த மசாலாவில் கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, ரசம், அவித்த முட்டை, தயிர். கருவாட்டு வாசம் வீடு முழுக்க நின்றது. எங்களுக்கு அது வாசம். அவர்களுக்கு எப்படி இருந்ததோ. தங்கை தன் அக்காவின் காதில், “மாப்பிள்ளைக்கு விருந்துல கருவாடாக்கா? அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா சாம்பாரு கதையே தேவலன்னு ஆயிடும்” என்றாள். மெல்லத்தான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பரிமாறும்போது யார் முகத்தையும் பார்க்காமல் இலைகளை மட்டும் பார்த்துப் போட்டேன். ஓர் இலையிலிருந்து, “இன்னொரு துண்டு வைங்கம்மா” என்று குரல் வந்தது. மாப்பிள்ளைதான். வைத்தேன். பக்கத்து இலையில் அந்த ஐயா வெறும் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தார். குழம்பைத் தொடவே இல்லை. மாப்பிள்ளை விரும்பிச் சாப்பிட்டது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் மாமனாரின் தலை இன்னும் கீழே போனதைத்தான் நான் பார்த்தேன்.

கிளம்பும்போது மகன் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டான். “சார், அந்த வேன் விஷயம்…”

“வேனா?” என்றார் அந்த ஐயா. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “நெறஞ்சிருக்கு தம்பி.”

எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்! தங்கை புருஷன் தெருவே கேட்கும்படி சிரித்தார். குண்டானை அவர்தான் தூக்கிக்கொண்டார். போகிற வழியில் அதை விரலால் தட்டிக்கொண்டே போனார்.

அந்த அம்மா மட்டும் வாசலில் நின்று, “வரேம்மா” என்றார். போகிறேன் என்று நாம் யாரும் சொல்வதில்லையே. அதுவும் அப்படி ஒரு சொல்தான். அவர்கள் பிறகு வரவில்லை.

மகன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அவன் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிஞ்சிக் கிடந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னாலதான்யா” என்றேன்.

“உன்னால என்ன? கொடுவா தேடி வரும்னு நான்தான வாய் விட்டேன். காலையிலயே, கெடைக்காமலும் போவும் சார்னு சொல்லியிருந்தா அவரு மாப்பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. அந்த அம்மாவும் குண்டான் கொண்டாரச் சொல்லியிருக்க மாட்டாங்க.” நரம்பை ஓரமாக வைத்தான். “ஆனா படகுல கால வைக்கிறப்ப என்னால அதச் சொல்ல முடியலம்மா. அப்பா மொகம் வந்து நிக்குது. கடலுக்குப் போறவன் சொல்லக் கூடாது. கரையில நிக்கிறவங்க சொல்லலாம்.”

“யாரு?”

அவன் என்னையே பார்த்தான்.

“மருமக வரட்டும்யா. அது நல்லாப் பேசும்.”

“அவ வர மூணு மாசம் ஆவும்மா. அதுவரைக்கும் லாரிக்குப் போவச் சொல்றியா?”

அவன் எரிச்சலாகத்தான் சொன்னான். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லாரிக்காரர் ஒருவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்து ஆட்கள் வருவதற்குச் சில நாள் ஆயிற்று. அதுவரை அடுப்படியில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். முதலில் ‘கம்மியா இருக்கும்’ என்று வந்தது. பிறகு ‘முன்னப்பின்ன இருக்கும்’ என்று வந்தது. இரண்டையும் கேட்பவர்கள் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் சொன்னதாகும்.

வந்தவர்கள் திருச்சிப் பக்கத்து டீச்சர்கள். படித்தவர்கள், கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். மகன் படகை நகர்த்தும் சாக்கில் முன்னாலேயே ஆற்றுக்குப் போய்விட்டான். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“என்னங்கம்மா?”

“இன்னிக்கு மீனு…” என்றேன். மறுபடி ஆரம்பித்தேன். “இன்னிக்கு மீனு இல்லாமலும் போவுங்க. போனாலும் போவும். அப்படி ஆனா ரசமும் கருவாட்டுக் குழம்பும்தான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேங்க.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு டீச்சருக்கு முகம் கொஞ்சம் வாடியது. அது எனக்குக் குத்திற்று. இன்னொருவர், “அதுக்கென்னங்கம்மா, கருவாடு போடுவீங்கள்ல? வாங்கடி” என்று சொல்லி நடந்தார். வாடிய முகத்துக்காரரும் பின்னாலேயே போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் உள்ளே போனேன். வாய் முழுக்கக் கூசியது, துப்பிவிடலாம் போல. அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் அரிசி இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். மசாலா அரைக்கவில்லை.